கூட வந்தவன் சொன்னது

கிட்ட வாங்க, கண்ணுகளா. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது கட்டிய கதை இல்லை. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில், போன ஆடி மழையில் நடந்தது. அந்த அறையில் இருந்த சுதர்ஷினியே என்னிடம் சொன்னாள்.

சுதர்ஷினி தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். டொக்டர்மாருக்காக ஒரு கருவி செய்துகொண்டிருந்தாள். மேசையில் ஒரு டெப், சிலேட்டு மாதிரித் தொடுதிரை, இருக்கும். டொக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டு, அதுவே மருத்துவக் குறிப்பை எழுதிவிடும். டொக்டர் வாசித்துவிட்டு ஒரு தட்டுத் தட்டினால் போதும். வாசலில் எண்பது பேர் நிற்கும்போது பேனா பிடிக்க யாருக்கு நேரம்?

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. தோட்டத்துப் பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தால் அவள் பேசுவது அபூர்வம். புருஷன் பேசுவான். இல்லாவிட்டால் மாமியார். யார் எதைச் சொன்னார் என்று பிரித்து எழுதினால் குறிப்பு நீண்டுவிடுகிறது என்று டொக்டர்மார் முனகினார்கள். சுதர்ஷினி அதை மாற்றினாள். கூட வந்தவர் சொல்வதையும் நோயாளி சொன்னதாகவே எழுத வைத்தாள். குறிப்பு பாதியாகக் குறைந்தது. எல்லாருக்கும் திருப்தி.

அன்று மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. மூடுபனி ஜன்னல் கண்ணாடிவரை வந்து நின்றது. டொக்டர் கிஷாந்த் காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கருவியைச் சோதித்துப் பார்க்க வந்த சுதர்ஷினி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பெட்டி இருமுனாலும் எழுதுமா?" என்று கேட்டார் கிழவர் சின்னத்தம்பி.

"எழுதும் தாத்தா. ஒளிச்சு வச்சிருக்கிற பீடியையும் எழுதும்," என்றாள் நர்ஸ் சிசிலி.

வரிசையே சிரித்தது. கிழவர் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு போனார்.

அடுத்து சுதாகரன் வந்தான். அந்தத் தோட்டத்துக்குப் புதிது. பின்னால் அவன் மனைவி பிரியந்தி. அவளது வலது கை துப்பட்டாவில் தொங்கியது.

"கொழுந்து மலையில வழுக்கி விழுந்துட்டா டொக்டர். கண்ணு பொடனியில இருக்கு இவளுக்கு." சிரித்தான்.

"எங்கம்மா வலிக்குது?"

"முழங்கைதான் டொக்டர்," என்றான் அவனே.

டெப் எழுதியது. 'நோயாளி சொன்னது: நான் விழவில்லை.'

சுதர்ஷினி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

'விறகுக்கட்டையால் அடித்தான். முதலில் முழங்கை. பிறகு விலா. கடைசியில் தாடை.'

தாடையா? பிரியந்தியின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் இன்னும் வாயே திறக்கவில்லை...

டொக்டர் குனிந்து முணுமுணுத்தார். "என்ன தங்கச்சி, உங்க மெஷின் கதை எழுதுது?"

"சாரி டொக்டர். சில நேரம் இல்லாததையும் எழுதிரும். அழிச்சிர்றேன்."

அழிப்பதற்கு முன் ஹெட்போனைக் காதில் வைத்தாள். மழை. சுதாகரனின் சிரிப்பு. அப்புறம்...

தொப்.

ஈரச் சாக்கில் கட்டையால் அடிப்பதுபோல ஒரு சத்தம். அதன் பின்னால் மூச்சு. வாய் நிறைய இரத்தம் வைத்திருக்கும் ஒருத்தி விடும் மூச்சு.

விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. திரையில் எழுத்து ஓடியது.

'அழிக்காதே. போன தடவையும் விழுந்தேன் என்றுதானே எழுதினாய். இன்றைக்கு இவளைக் கொல்வான். வீட்டுக் கதவுக்குப் பின்னால் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. தீட்டி வைத்திருக்கிறான்.'

அழித்துவிட்டால் இவள் அவனோடு வீட்டுக்குப் போவாள். அவ்வளவுதான்.

"அக்கா," என்றாள். "கவ்வாத்துக் கத்திய யாரு தீட்டுனா?"

சுதாகரனின் சிரிப்பு நின்றது.

பிரியந்தி நிமிர்ந்தாள். "இவருதான்... காலையில."

"வாயத் தொறக்கிறியாடி!"

அவள் முடியைப் பிடித்து மேசையில் மோதினான். மூக்கிலிருந்து இரத்தம் தெறித்தது. தடுக்க வந்த டொக்டரை எட்டி உதைத்தான். டெப்பைத் தூக்கிச் சுவரில் அடித்தான். கண்ணாடி நொறுங்கியது. மறுபடி அவள் கழுத்தைப் பிடித்தான்.

தொப்.

இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது.

அவன் முழங்கை பின்பக்கமாக மடங்கியது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது.

யாரும் அவனைத் தொடவில்லை.

தொப்.

விலா. அவன் சுருண்டு விழுந்தான்.

"யாருடி... யாரு..." என்று தவழ்ந்தான்.

"மாதாவே!" சிசிலி கண்ணை மூடிக்கொண்டாள்.

தொப்.

தாடை.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

மழை மட்டும்...

பொலிஸ் வந்தது. அவன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் கத்தி இருந்தது. தீட்டிய கூர் பளபளத்தது. பிரியந்தி உயிரோடு தாய் வீட்டுக்குப் போனாள். சுதாகரன் மறியல் சிறையில் இருக்கிறான். அவன் தாடை இன்னும் பொருந்தவில்லை.

சுதர்ஷினி கொழும்புக்குப் போனதும் பழைய ஒலிப்பதிவுகளைத் திறந்தாள். அந்த மாற்றத்துக்குப் பிறகு கருவியை முதலில் சோதித்தது கந்தப்பளைப் பக்கத்து வேறொரு தோட்டத்தில். அங்கே அதே குரல். அதே சிரிப்பு. "படியில விழுந்துட்டா டொக்டர்."

மீனம்மா. அவனுடைய முதல் மனைவி. நுவரெலியாப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அவன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அந்த வாரமே செத்துப்போனாள். 'படியில் விழுந்ததாக நோயாளியே சொன்னார்' என்று குறிப்பில் இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வரியை சுதர்ஷினி அன்றுதான் வாசித்தாள். டொக்டர் பார்த்து எழுதியது. முழங்கை முறிவு. விலா முறிவு. தாடை இரண்டு இடத்தில் முறிவு.

சொன்னாளாம், கண்ணுகளா... ஒரு சொல்கூடப் பேச முடியாதவள், தானே சொன்னாளாம்.

சுதர்ஷினி கருவியை மாற்றிவிட்டாள். யார் பேசினாலும் அவர் பெயரில்தான் இப்போது எழுதுகிறது. அன்று அந்த அறையில் பேசியது யார் என்று மட்டும் அதற்கும் தெரியவில்லை.

சரி, எழுந்து போய் விளக்கைப் போடுங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும். உங்கள் வீட்டுப் பெண்கள் தங்கள் வாயால் பேசி, தங்கள் வாயால் சிரித்து, நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்.