இட்லிப் பானையில் நிமிர்ந்த இறக்கை

1991. திருமணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். மனைவிக்குப் புடவை எடுக்க மெட்ராஸ் போனவன், பொம்மை விமானம் செய்கிற பெட்டியோடு திரும்பினேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

குச்சிகளை ஒட்டி எலும்புக்கூட்டை முடித்துவிட்டேன். அதன்மேல் பெட்டியில் இருந்த மெல்லிய டிஷ்யூ பேப்பரை ஒட்டியபோதுதான் வினை. இறக்கை முழுக்கச் சுருக்கம். அதைப் பார்த்துத்தான் அவள் மௌனத்தைக் கலைத்தாள்.

"இன்னாங்க இது, ஒதறாம காயப்போட்ட வேட்டி மாரி கீது?"

எங்கள் பெயின்ட் செக்‌ஷனில் இருந்த அண்ணனிடம் கேட்டேன். "தண்ணி தெளிபா. காய்ஞ்சா தானா இழுத்துக்கும்" என்றார். எவ்வளவு என்று சொல்லவில்லை. அந்தக் காலத்து இஸ்திரிக்காரர் மாதிரி வாய் நிறையத் தண்ணீர் வைத்து ஊதினேன். இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்து மேளத்தோல் போல விறைத்தது. ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட்டேன்.

அடுத்து, பேப்பர் கெட்டிப்பட லேக்கர் என்கிற வார்னிஷ் பூச வேண்டும். மூன்று நாளாக மழை. எனக்குப் பொறுமை இல்லை, பூசினேன். இறக்கை வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. அண்ணன் வந்து பார்த்துச் சிரித்தார்.

"பிளேனுக்கு விபூதிப் பட்டை போட்டுக்கிறியா? ஈரக் காத்துல அடிச்சா இப்டித்தான். வெயில் வரட்டும், தின்னர் ஜாஸ்தி கலந்து மெல்லிசா ஒரு கோட்டு வுடு."

வெயில் வந்தது. ஒரு கோட்டில் வெள்ளை மறைந்தது. அந்த மகிழ்ச்சியில் இன்னும் இரண்டு கோட்டு கொடுத்தேன். பேப்பர் இழுத்த இழுப்பில் வலது இறக்கை பொரித்த அப்பளமாக முறுக்கிக்கொண்டது.

"ஆவி காட்டி எதிர்ப்பக்கமா முறுக்கிப் புடி" என்றார் அண்ணன்.

எங்கள் வீட்டில் ஆவி என்றால் இட்லிப் பானைதான். இட்லியை எடுத்துவிட்டு, ஸ்டவ்வை அணைத்தது அவளே. இறக்கையின் ஒரு முனையையும் அவளே பிடித்தாள்.

"எந்தப் பக்கங்க திருப்பறது?"

"உன் பக்கம்."

"எம்பக்கம்னா எதுங்க?"

ஆறும்வரை அப்படியே நின்றோம். நிமிர்ந்துவிட்டது. அடுத்த ஈடு இட்லியில் தின்னர் வாசனை அடித்தது. சட்னியைக் கூட ஊற்றிக்கொண்டு இருவரும் தின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை தண்டலம் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய பொட்டலில், விசிறியின் ரப்பரை முறுக்கிப் பறக்கவிட்டோம். அழகாக ஒரு வட்டம் போட்டது. காற்று தூக்கிக்கொண்டுபோய், நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸின் கூரையில் இறக்கியது. பஸ் கிளம்பிவிட்டது.

"வுடாதீங்க, வண்டிய எடுங்க!" என்று மொபெட்டில் தாவி ஏறியவள் அவள்தான். அடுத்த நிறுத்தம்வரை என் முதுகில் தட்டிக்கொண்டே வந்தாள். நான் கூரைமேல் ஏறினேன். கத்தரிக்காய்க் கூடைகளுக்கு நடுவே, வயிற்றில் கிழிசலோடு கிடந்தது விமானம்.

கண்டக்டர் கீழிருந்து கத்தினார்: "யாருதுய்யா அது? லக்கேஜ் டிக்கெட் போடணுமா?"

"எங்க பிளேனுங்க!" என்றாள் அவள், பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

மறுநாள் நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது கிழிசலை அவளே ஒட்டி முடித்திருந்தாள். ஒரு சுருக்கம்கூட இல்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.