மெஸ்டர் சொன்ன ஓம்

டென்மார்க்கில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு, பாராட்டே அல்ல என்று தெரிய ஒன்பது வேலைநாள் எடுத்தது. அந்த ஒன்பது நாளுக்குள் ஒரு மனிதனால் எவ்வளவு சேதம் செய்ய முடியுமோ அவ்வளவையும் செய்து முடித்திருந்தேன். அதுவரை பேனையை விடப் பாரமான எதையும் தூக்கிப் பழகாதவனுக்கு அது சாதனைதான்.

யாழ்ப்பாணத்தில் நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞன். அகதியாக ரண்டர்ஸ் என்ற டேனிஷ் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு நகரசபைக்காரர் ஒரு படிவம் தந்தார்கள். அதில் 'கைவேலை தெரியுமா' என்று ஒரு கேள்வி. என் கையெழுத்து அழகானது என்ற தைரியத்தில் 'தெரியும்' என்று போட்டேன். ஒரு சுதைவேலைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

பட்டறையில் செய்தது கோர்னிஸ். சுவரும் சீலிங்கும் சந்திக்கிற மூலையில், அறையைச் சுற்றி வேட்டிக்கரை போல ஓடுகிற பரிஸ் சாந்து அலங்காரம். அப்போது கையில் இருந்த பெரிய வேலை ஒரு பல் வைத்தியருடைய வீடு. அந்த அம்மா பல வருடம் இங்கிலாந்தில் இருந்தவர். வெளியே சாதாரண செங்கல் வீடு, உள்ளே மட்டும் பழைய ஆங்கிலேயப் பிரபு வீடு மாதிரி வேண்டும் என்றார். மேல்மாடி அறைக்கு ரீஜென்சிப் பாணி: மெல்லிய கோடுகள், அடக்கமான வளைவு. ராசாவுக்குச் சித்தம் கலங்கி மகன் பொறுப்பெடுத்த காலத்துப் பாணியாம். கீழே வரவேற்பு மண்டபத்துக்கு அதற்கு முந்திய ஜோர்ஜியன்: மேல் வரிசையில் முட்டை முட்டையாக, கீழ் வரிசையில் சதுரச் சதுரமாகப் பற்கள். பல் வைத்தியர் சீலிங்குக்கும் பல்லுக் கட்டுகிறார், தொழில் பக்தி என்றால் இதுதான் என்று நான் வியந்தேன். அந்தப் பல்வரிசை கிரேக்கர் காலத்திலிருந்தே கட்டிடங்களில் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவரை என் அறைத்தோழர்கள் இரண்டு பேருக்கும் என் விளக்கத்தைச் சொல்லி முடித்திருந்தேன்.

பட்டறைத் தலைவரை எல்லாரும் மெஸ்டர் என்று கூப்பிடுவார்கள். ஆறடிக்கு மேல் உயரம். ரண்டர்ஸ் இருக்கிற யுட்லாந்துப் பகுதிக்காரர் அதிகம் பேச மாட்டார்கள் என்பார்கள். இவர் அவர்களுக்குள்ளேயே மௌனி. என் வேலை ரப்பர் அச்சில் சாந்தை ஊற்றி, சாக்குத் துணிப் பட்டை வைத்து, இறுகியதும் துண்டைக் கழற்றி அடுக்குவது. பின்னேரம் மெஸ்டர் வந்து ஒவ்வொரு துண்டையும் விளக்குக்கு முன்னால் சரித்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நீளப்பாட்டுக்குப் பார்ப்பார். சில துண்டுகளைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் வைப்பார். சிலதைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொல்வார்.

"ஓம்."

முதல் நாள் அதைக் கேட்டதும் என் கையிலிருந்த வாளி நழுவிவிட்டது. ஓம். எங்கள் ஓம். இந்தியாத் தமிழர்கூட 'ஆமா' என்கிற இடத்தில், ரண்டர்ஸில் பிறந்து ரண்டர்ஸை விட்டு வெளியே போகாத இந்த மனிதர் சுத்த யாழ்ப்பாணத் தமிழில் சம்மதம் சொல்கிறார். கொஞ்சம் குறுக்கிச் சொன்னார். அந்நிய நாக்கு, மன்னிக்கலாம். எனக்காக ஒரு சொல்லாவது படித்து வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். நானும் சளைக்காமல் "ஓம், ஓம்" என்று இரண்டு தரம் சொன்னேன். அவர் புருவம் உயர்ந்தது. என் நன்றியைப் புரிந்துகொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்படியே வேலையை நடத்தினேன். ஓம் சொன்ன துண்டுகளைப் பத்திரிகைத் தாளில் குழந்தை மாதிரிச் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். வாய் திறக்காமல் வைத்த துண்டுகளைக் கொண்டுபோய்ப் பின்முற்றத்தில் சுத்தியலால் உடைத்தேன். மூன்றாம் நாள் மட்டும் ஆறு ஓம். அன்றைக்கு நான் சைக்கிளில் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

போன இடத்தில் அந்தக் கடிதம் கிடந்தது.

மனைவியைக் கூப்பிட நான் விண்ணப்பம் போட்டு அப்போது பதினொரு மாதம். ஊரில் அவள் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டு, ஷெல் சத்தம் கேட்டால் பிள்ளைகளை மேசைக்குக் கீழே தள்ளிக்கொண்டு இருந்தாள். இங்கே எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் ஒரே கதைதான். விண்ணப்பம் உள்ளே போகும், ஒன்றும் வெளியே வராது. எனக்கு மட்டும் இரண்டு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. 'அன்ஸோக்னிங்' என்றால் விண்ணப்பம். அந்தளவு டேனிஷ் எனக்குத் தெரியும். தலைப்பு வரி 'ஓம்' என்று தொடங்கியது. பிறகு விண்ணப்பம் என்ற சொல். அதற்குப் பிறகு இன்னொரு 'ஓம்'.

அறையில் என்னோடு இருந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் என்னை விட இளையவர்கள், என்னை விட டேனிஷ் தெரியாதவர்கள். அதனால் ஆலோசனைக்கு மிகவும் பொருத்தமானவர்கள்.

"அண்ணை, இது எங்கடை ஓம்தானோ?" என்றான் ஒருவன்.

"பின்னை? எங்கடை மெஸ்டர் ஒரு நாளைக்கு ஆறு தரம் சொல்லுறார். அவங்கட பாஷையிலையும் அப்பிடித்தான்."

"யா எண்டெல்லோ இவங்கள் சொல்லுறவங்கள்?"

"அது கதைக்கேக்கை. இது எழுத்து."

மற்றவன் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தான். "கீழையும் கனக்க எழுதியிருக்கு அண்ணை. ஆரிட்டையும் காட்டுவமோ?"

"அது விபரம். ஓம் எண்டு ரெண்டு தரம் சொன்னாப் பிறகு என்னத்துக்கு விபரம்? உமக்கு எரிச்சல்."

அடுத்த நாளே தந்தி அடித்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ்: ஓம், நீர் உடனே புறப்படும். ஐந்து நாள் கழித்துப் பதில் வந்தது. பாலர் பாடசாலை வேலையை விட்டுவிட்டாளாம். வாடகை வீட்டைப் பூட்டித் திறப்பைச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டாளாம். கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் நிற்கிறாளாம். தந்திக்கு எவ்வளவு சுருக்கமாக எழுத முடியுமோ அவ்வளவு சுருக்கமாக ஒரு வாழ்க்கையைக் கலைத்துவிட்டு வந்திருந்தாள். நான் அந்தத் தந்தியையும் கடிதத்தையும் சட்டைப் பைக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஒன்பதாம் நாள் பெட்டிகளைப் பல் வைத்தியர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். மெஸ்டர் ஏணியை நிறுத்திவிட்டு முதல் துண்டின் தாளைப் பிரித்தார். பார்த்தார். கீழே வைத்தார். இரண்டாவதைப் பிரித்தார். ஒரு பல்லுக்கு நுனி இல்லை. மூன்றாவதில் முட்டைக்குள் காற்றுக் குமிழி, கூழ்முட்டை மாதிரி. அவர் வேகமாகப் பிரிக்கத் தொடங்கினார். மண்டபம் முழுக்கத் தாள். நான் பாராட்டுக்குத் தயாராகப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"மற்றதுகள் எங்கை?" என்று டேனிஷில் கேட்டார்.

சுத்தியலால் அடிக்கிற மாதிரிக் காட்டினேன்.

மெஸ்டர் ஏணியின் இரண்டாம் படியில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதருடைய முகத்தில் இரத்தம் வற்றுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பல் வைத்தியர் மாடியிலிருந்து இறங்கி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்று ஆங்கிலத்தில் என்னை விசாரித்தார். "உங்களிடம் என்ன சொன்னார்?"

"ஓம் எண்டு சொன்னார், மடம். எங்கட பாஷையில் ஓம் எண்டால் யெஸ்."

அவர் என்னைப் பார்த்தார், மெஸ்டரைப் பார்த்தார், பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். "டேனிஷில் ஓம் எண்டால் திரும்பச் செய். இது சரியில்லை, திரும்பச் செய்."

"நல்ல துண்டுக்கு என்ன சொல்லுவார்?"

பல் வைத்தியர் அதை மெஸ்டரிடம் கேட்டார். மெஸ்டர் முதல் முறையாகத் திகைப்போடு என்னைப் பார்த்தார். "நல்லதுக்கு என்னத்தைச் சொல்லுறது? அது நல்லாத்தானே இருக்கு."

நானும் சிரிக்கத் தொடங்கினேன். என் முட்டாள்தனத்தைப் பார்த்து முதலில் சிரிப்பவன் எப்போதும் நான்தான். பாதிச் சிரிப்பில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

கடிதத்தை நீட்டினேன். "மடம், இதிலையும் ஓம் இருக்கு. இதையும் திரும்பச் செய்யவோ?"

அவர் வாசித்தார். சிரிப்பு போய்விட்டது. "இல்லை. ஓம் எண்டதுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு. 'பற்றி' எண்டு. மனைவியை அழைப்பது பற்றிய உங்கள் விண்ணப்பத்தைப் பற்றி எண்டு தலைப்பு."

"பற்றி என்ன சொல்லியிருக்கு?"

இரண்டாம் பக்கத்தையும் வாசித்தார். திருப்பி முதல் பக்கத்தைப் பார்த்தார். "ஒண்டுமில்லை," என்றார். "கிடைத்தது, இன்னும் பார்க்கவில்லை, எப்போது பார்ப்போம் எண்டு சொல்ல முடியாது. அவ்வளவுதான்."

இரண்டு பக்கத்தில் ஒன்றுமில்லை என்று எழுத முடியும் என்பது ஒரு எழுதுவினைஞனான எனக்கே புதிது. அந்த ஒன்றுமில்லையை நம்பி ஒரு பெண் வேலையை விட்டு, வீட்டை விட்டு, லொட்ஜ் அறையில் பெட்டியோடு இருக்கிறாள். யாழ்ப்பாணத்துப் பாதையும் சண்டையால் இப்போது பூட்டு. திரும்பிப் போகவும் முடியாது. காலடியில் மூளிப் பற்கள் எல்லாம் என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன.

லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தேன். முழுக்கதையும் சொன்னேன், முட்டை, பல், சுத்தியல் உட்பட. அந்தப் பக்கம் நீண்ட நேரம் சத்தமில்லை. நல்ல துண்டைப் பார்க்கிற மெஸ்டரின் மௌனம் அல்ல அது.

"அப்ப நான் ஒரு தலைப்பை நம்பியே வெளிக்கிட்டு வந்தனான்?" என்றாள்.

"ஓம்."

"அந்தச் சொல்லை இனிச் சொல்லாதேங்கோ."

"யா," என்றேன்.

"நான் இஞ்சையே நிக்கிறன். பக்கத்திலை பிள்ளையளுக்குப் படிப்பிக்க ஆள் தேடுகினம். நீங்கள் திரும்ப எழுதுங்கோ. உங்கட மெஸ்டர் சொன்ன மாதிரி, திரும்ப. ஆனா வேற ஆரையும் கொண்டு எழுதுவியுங்கோ."

திரும்ப எழுதினேன். மண்டபத்துக் கோர்னிஸ் முழுவதையும் முதலிலிருந்து ஊற்றி முடித்த நாட்களிலேயே மூன்று முறை எழுதினேன். கோர்னிஸ் முடிந்தது, பல்வரிசை ஒரு சொத்தையில்லாமல் அந்த வீட்டில் இன்றைக்கும் இருக்கும். கடிதத்துக்குப் பதில் வரவில்லை. என் விண்ணப்பத்தில்தான் ஏதோ குமிழி என்று நினைத்தேன். கையெழுத்து அதிக அழகோ, பெயர் அதிக நீளமோ என்று யோசித்தேன். அறைத்தோழர்களுக்கு அதை நகைச்சுவையாகவும் சொல்லிச் சிரித்தேன். மெஸ்டர் மட்டும் அந்த நாளுக்குப் பிறகு என் முன்னால் ஓம் என்ற சொல்லை எடுக்கவில்லை. பிழையான துண்டைப் பார்த்தால் கையைச் சுழற்றிக் காட்டுவார்.

ஒரு காலை மெஸ்டர் சாந்து கலக்கும் மெசினை நிறுத்திவிட்டு வானொலிச் சத்தத்தைக் கூட்டினார். கலந்த சாந்து வாளியில் இறுகும் என்று தெரிந்தும் நிறுத்தினார். 'தமிழர்' என்ற சொல் எனக்கும் விளங்கியது. செய்தி முடிந்ததும் என் பக்கம் திரும்பி, நான் விளங்கிக்கொள்ளும்படி மெதுவாகச் சொன்னார். எங்கள் ஆட்களுடைய குடும்ப விண்ணப்பங்களை வேண்டுமென்றே எடுக்காமல் வைத்திருந்தார்களாம். சட்டம் உரிமை கொடுத்திருக்கிறதாம். மேலே அமைச்சர் சொன்னபடி அதிகாரிகள் வைத்திருந்தார்களாம்.

"என்ரை விண்ணப்பத்திலை பிழை இல்லையோ?" என்று கேட்டேன்.

"ஆரும் பார்க்கவே இல்லை," என்றார் மெஸ்டர்.

இத்தனை காலம் நான் தேடிய குமிழி என் துண்டிலேயே இல்லை. வாளிக்குள் கையை விட்டேன், சாந்து கல்லாகியிருந்தது. அன்று முழுக்க என் வாயிலிருந்து ஒரு பகிடியும் வரவில்லை. மெஸ்டர் இரண்டு தரம் காய்ச்சலோ என்று கேட்டார்.

சில மாதம் கழித்து இன்னொரு கடிதம். அதே இரண்டு ஓம், அதே இடத்தில். நான் உறையைத் திறந்து தலைப்பைப் பார்த்ததோடு சரி, வாசிக்கத் துணியவில்லை. அறைத்தோழர்களிடமும் காட்டவில்லை. சைக்கிளில் நேரே பட்டறைக்குக் கொண்டுபோய் மெஸ்டரிடம் கொடுத்தேன்.

அவர் கையைத் துடைத்தார். விளக்குக்கு முன்னால் பிடித்தார், ஒரு கண்ணை மூடாத குறை. முதல் பக்கம். இரண்டாம் பக்கம். மறுபடி முதல் பக்கம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓம்," என்றார்.

நான் சுவரை விட்டுவிட்டு அவர் முன்னால் வந்தேன். "உங்கட ஓமோ, எங்கட ஓமோ?"

மெஸ்டர் யோசித்தார். "உங்கட," என்றார்.

பட்டறைத் தொலைபேசியிலேயே லொட்ஜுக்கு எடுக்கச் சொன்னார். அவள் வந்து ஹலோ சொன்னதும் நான் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது.

"இதை வாசிச்சது ஆர்?"

"மெஸ்டர்."

"முழுக்கவோ?"

"ரெண்டு பக்கமும். முதல் பக்கம் ரெண்டு தரம்."

"நீங்கள் வாசிக்கேல்லையே?"

"சத்தியமா இல்லை."

"அப்பச் சரி," என்றாள். "வாறன்."