வலிக்காத சுண்டுவிரல்

கிட்டார் கற்றுக்கொடுக்கிற வீடியோக்களில் எல்லோரும் முதலில் ஒன்றையே சொல்கிறார்கள். விரல் நுனி வலிக்கும், பயந்து விட்டுவிடாதீர்கள், தோல் காய்த்துவிட்டால் சரியாகிவிடும். எனக்கும் வலித்தது. ஆள்காட்டி விரலால் சட்டைப் பொத்தானைப் பிடித்தாலே சுரீர் என்றது. நடுவிரல் அதைவிட மோசம். சுண்டுவிரல் மட்டும் வலிக்கவே இல்லை. மற்ற விரல்களைத் திட்டிக்கொண்டு அந்த ஒரு விரலை மட்டும் நான் மெச்சிக்கொண்டிருந்தேன்.

அப்போது அரியலூரில் ஒரு சிமெண்டு குடோனில் லோடுமேனாக இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன், மூட்டை தூக்குவதில்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பியவன் நான். திருப்பூரில் துணி மடித்தேன், கேரளாவில் டைல்ஸ் ஒட்டினேன், கோவாவில் கடற்கரைக் கடை ஒன்றில் தட்டு கழுவினேன். எங்கும் இரண்டு தீபாவளி சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. அரியலூரில் தங்கிப்போனதற்குக் காரணம் குடோனுக்குப் பின்னால் இருந்த அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு ஃபேன், தண்ணீர்க் குழாய். என்னோடு அதில் இருந்தவர் எங்கள் லாரி டிரைவர். ஜெயங்கொண்டம் பக்கம் நிலம் வைத்திருக்கிற குடும்பம். அண்ணன் தம்பிகளோடு ஒத்துப்போகாமல் லாரிக்கு வந்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் ஓட்டுவார், நான் இறக்குவேன். ஒரே குக்கரில் சோறு, ஒரே சட்டியில் குழம்பு. என் சாதி என்ன என்று அவருக்குத் தெரியும். அவர் சாதி எனக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

கிட்டார் பெரம்பலூரில் கிடைத்தது. கல்லூரிப் பிள்ளைகள் தங்கியிருந்த ஒரு விடுதியைக் காலி செய்தார்கள். கட்டில்களை ஏற்றப் போன இடத்தில் மூலையில் சாய்ந்து கிடந்தது. யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. குப்பையோடு போட்டுவிடச் சொன்னார்கள். நான் அதை இரண்டு கையாலும் ஏந்தி வந்து லாரி கேபினில் வைத்தேன். அண்ணன் ஒரு பார்வை பார்த்தார்.

"என்னடா, பச்சப்புள்ளய ஆஸ்பத்திரியிலேந்து தூக்கிட்டு வர்ற மாதிரி வர்ற?"

நான் கற்றுக்கொள்ள நினைத்தது ஒரே ஒரு பாட்டு. ஜமைக்கா தீவில் பிறந்து, எப்போதோ செத்துப்போன ஒரு ரெக்கே பாடகர் பாடியது. கோவாக் கடையில் சாயங்காலம் பாட வருகிறவர் அதைத்தான் கடைசியாகப் பாடுவார். அந்த ஆளின் மற்ற பாட்டெல்லாம் டிரம்மும் பேஸுமாக ஆட்டிவைக்கும். இதில் அது எதுவும் கிடையாது. ஒரு கிட்டார், ஒரு குரல், அவ்வளவுதான். கப்பலில் பிடித்துக்கொண்டு போய் விற்கப்பட்ட ஜனங்களைப் பற்றிய பாட்டு என்று என்னோடு தட்டு கழுவிய மலையாளி சொன்னான். எங்கள் ஆட்களும் திருமானூர் பக்கம் பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்கள்தான். அதனால் அந்தப் பாட்டு பிடித்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. ஒரு கிட்டாரும் ஒரு குரலும் தானே, சுலபமாக வந்துவிடும் என்று நினைத்தேன்.

வரவில்லை. ஆரம்பத்தில் தடித்த கம்பிகளில் ஒரு சின்ன நடை இருக்கிறது. யாரோ படியில் இறங்கி வந்து, ஏதோ மறந்தது போலத் திரும்பி ஏறுகிற மாதிரி. அது எப்படியோ பிடிபட்டது. அதற்கு அடுத்துவரும் முதல் கார்டில், அதாவது சில கம்பிகளைச் சேர்த்து அழுத்தி மீட்டுகிற இடத்தில், சுண்டுவிரலால் ஆக மெல்லிய கம்பியை அழுத்த வேண்டும். அங்கே போனதும் ஓசை செத்துவிடும். விரல் அழுத்துகிறதென்று நான் நினைப்பேன், கம்பி இல்லையென்று சொல்லும். பழக்கம் போதவில்லை என்று நினைத்தேன். சிமெண்டு ஆலைக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்கிற நேரமெல்லாம் கேபினில் உட்கார்ந்து அந்த ஒரே கார்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் நிற்கும் லாரிக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அண்ணன் அவர்களிடம், "கச்சேரி கிடையாதுங்க, கம்பி கட்டுற வேல நடக்குது" என்பார்.

ரத்தத்தை முதலில் பார்த்தவரும் அவர்தான். ஆண்டிமடத்தில் லோடு இறக்கிவிட்டு வந்து ஒரு மதியம் அறையில் வாசித்துக்கொண்டிருந்தேன். அவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

"டேய், ரத்தம் வருதுடா."

குனிந்து பார்த்தேன். மெல்லிய கம்பி சுண்டுவிரல் நுனியை அரிசி பிளந்த மாதிரி பிளந்திருந்தது. கிட்டாரின் கழுத்தில் வழிந்து, என் கைலியிலும் சொட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"வலிக்கல?"

இல்லை என்றேன். அவர் சிரித்தார். "சிமெண்டு தின்ன கை. அதுக்கு என்ன தெரியும்?"

லோடுமேன்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். கை வெடித்தாலும் சிமெண்டு, தோல் உரிந்தாலும் சிமெண்டு, விரல் மரத்துப்போனாலும் சிமெண்டு. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்துவிடுவோம். எங்கள் கைகளைப் பற்றி எது கேட்டாலும் அந்த ஒரு பதில்தான் எங்களிடம் உண்டு. நானும் எண்ணெய் தடவினேன். தடவும்போதுதான் பார்த்தேன். வலது கை விரல் இடது கையின் சுண்டுவிரலைத் தேய்ப்பது வலது கைக்குத் தெரிகிறது, இடது கைக்குத் தெரியவில்லை. யாரோ ஒருவருடைய விரலைத் தேய்த்துக்கொடுப்பது போல இருந்தது.

எனக்குப் பெரியப்பா நினைவு வந்தது. அப்பாவின் அண்ணன். கொள்ளிடக் கரையில் ஒரு தோப்பில் அவருக்குத் தனிக் கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தார்கள். சோறு அலுமினியத் தட்டில் போகும், அந்தத் தட்டு வீட்டுக்குத் திரும்பி வராது. அவர் பீடி பிடிப்பார். பீடி தீர்ந்து நெருப்பு விரலுக்கு வந்துவிடும், அவர் பேசிக்கொண்டே இருப்பார். கருகும் வாசனை வந்து எதிரே நிற்கிறவர்கள்தான் கத்துவார்கள். அவர் விரலைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பீடியைக் கீழே போடுவார். அவர் முகத்தில் ஒன்றும் இருக்காது. நாங்கள் சின்னப் பிள்ளைகள், அதை வித்தை என்று நினைத்தோம்.

அந்த வாரம் பெரம்பலூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிரே சுகாதார நிலையத்துச் சுவர். வருஷக்கணக்காகப் பார்த்த சுவர்தான். நீல எழுத்தில் எழுதியிருந்ததை அன்றைக்குத்தான் படித்தேன். உணர்ச்சியற்ற தேமல், அதற்குக் கீழே அந்த நோயின் பெயர். இடது முழங்கைக்குக் கீழே எனக்கு வெளிறிய திட்டு ஒன்று உண்டு. மூட்டை உரசி வந்தது என்று நினைத்திருந்தேன். பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அறுந்து கிடந்த பழைய கம்பியின் நுனியால் அந்தத் திட்டைக் குத்திப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். குத்திவிட்டேனா, இனிமேல்தான் குத்தப் போகிறேனா என்று கண்ணைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போனால் பெயர் வைத்துவிடுவார்கள் என்ற பயம். பெயர் வைக்காதவரை சிமெண்டுதான் அது. பட்டினி கிடந்திருக்கிறேன், பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறேன், கோவாவில் ஒருமுறை போலீஸ் அடியும் வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் வரும், போகும். எங்கேயாவது வேறு ஊருக்குக் கிளம்பினால் முடிந்துவிடும். இதை விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது. எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் கை என்னோடு பஸ் ஏறும்.

அந்தக் கோடையில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மூட்டை தூக்கினேன். டீக்கடையில் காகிதக் கப் கேட்டு வாங்கினேன். ஆனாலும் கிட்டாரை விடவில்லை. அந்தக் கார்டு சுத்தமாக ஒலித்துவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். தினம் வாசித்தேன். தினம் அந்த இடத்தில் ஓசை செத்தது. விரலை நிமிர்த்தச் சொன்னால் அது பாதியில் நின்று கொக்கி மாதிரி வளைந்துகொண்டது.

பிறகு என் தட்டைத் தனியாக வைத்தேன். அண்ணன் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டேன், என் தட்டையும் டம்ளரையும் வெளியே குழாயடியில் கழுவி ஜன்னல் மேல் கவிழ்த்தேன். பாயை மூலைக்கு இழுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கறி எடுத்து வந்து சமைத்தார். இரண்டு தட்டிலும் போட்டார். நான் பிறகு சாப்பிடுகிறேன் என்றேன். கரண்டியைச் சட்டியில் போட்டார்.

"நான் ஒன்னு கேக்குறேன். என்னிக்காச்சும் ஒன்ன நான் தள்ளி வச்சிருக்கேனா?"

எனக்குப் புரியவில்லை.

"எங்க வூட்டுல எப்படி இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். அவங்க வேற. நான் அப்படியா இருந்தேன்? யாரு என்ன சொன்னா ஒங்கிட்ட? எவன் சொல்லி நீ தனித் தட்டு வச்சிக்கிற?"

அவர் சாதியை நினைத்துக்கொண்டிருந்தார். எவனோ என்னிடம் ஏதோ சொல்லி, நான் ரோஷப்பட்டு ஒதுங்குகிறேன் என்று இத்தனை நாளும் அவர் உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒருவன் தட்டைத் தனியாக வைத்தால் முதலில் தோன்றுகிற காரணம் அதுதான். அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆமாம் அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் கண் கலங்கியிருந்தது. சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டினேன். பெரியப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். செருப்புச் சத்தம் குடோனைச் சுற்றிப் போயிற்று. அவ்வளவுதான், பையைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்று யோசித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. கறி ஆறிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து வாசலில் நின்று, உள்ளே வராமலே சொன்னார்.

"நாளக்கிக் காலையில லோடு கெடயாது. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

லாரியில்தான் போனோம். அவர் தன் பக்கத்துக் கதவை ஒட்டி உட்கார்ந்து ஓட்டினார். நான் என் பக்கத்துக் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு பெண். கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் தொட்ட இடத்தையெல்லாம் விரலால் காட்டச் சொன்னார். நான் காட்டிக்கொண்டே வந்தேன். பிறகு அறையில் சத்தமே இல்லை. இன்னும் தொடவில்லை போலிருக்கிறது என்று காத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது பேனா என் சுண்டுவிரல் மேல் இருந்தது.

அவர் முழங்கை மூட்டுக்குப் பின்னால் விரலை விட்டு ஒரு நரம்பைப் பிடித்து உருட்டினார். கயிறு மாதிரி தடித்திருப்பது எனக்கே தெரிந்தது. உயிர் போகிற வலி. அத்தனை மாதத்தில் அந்தக் கை சொன்ன முதல் வார்த்தை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தொழுநோய் என்று பெயரைச் சொன்னார். கதவோரம் நின்ற அண்ணன் என்னைப் பார்க்காமல் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரை உண்டு, இலவசம், மாதாமாதம் வந்து வாங்க வேண்டும், விடாமல் சாப்பிட்டால் நோய் போய்விடும், ஆரம்பித்துவிட்டால் பிறருக்கு ஒட்டாது, தனித் தட்டு வேண்டியதில்லை. இதையெல்லாம் அவர் என்னைவிட அண்ணனுக்குத்தான் சொன்னார். போன உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் கேட்டார். கிட்டார் என்றேன். என் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்த விரலுக்கு இனிமே தெரியாது. கண்ணால பாத்துக்கணும். தெனம் பாக்கணும்."

மாத்திரை சாப்பிட்ட முதல் நாள் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. அப்படித்தான் போகும் என்று சொல்லியிருந்தும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூட்டை தூக்குவதை விட்டேன். முதலாளியிடம் அண்ணன் என்ன சொன்னார் என்று தெரியாது, குடோனில் மூட்டை எண்ணும் வேலை கிடைத்தது. ஒரே சட்டியில்தான் சாப்பிடுகிறோம். தனக்கென்று புதுத் துண்டு ஒன்று வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறார். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

பயம் போகவில்லை. எழுந்ததும் விரலை ஜன்னலோரம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கம்பியை மாற்றிவிட்டேன், நைலான். சுண்டுவிரலை விட்டுவிட்டு மோதிர விரலால் அந்தக் கார்டைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. மோதிர விரலில் ஒரு பாதிக்குத் தெரியும், மறு பாதிக்குத் தெரியாது. சாயங்காலம் வெளியே அமர்ந்து வாசிப்பேன். படி இறங்கி, படி ஏறி, அந்தக் கார்டு. பலமுறை ஒலிக்கிறது, சிலமுறை செத்துவிடுகிறது. செத்துவிட்டால் நான் நிறுத்திவிடுவேன். அண்ணன் அரிகிற வெங்காயத்தை விட்டுவிட்டு எழுந்து வருவார். கையைத் தொடமாட்டார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு விரலாகப் பார்ப்பார்.

"ரத்தம் இல்ல. வாசி."