பூசாத மட்டை

என் அக்காவுக்கு வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலில்தான் சொல்கிறேன். மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் போடுவது அவள் வேலை. மேசை, கட்டில், அலமாரி எல்லாம் அவள் கை பட்டுத்தான் வெளியே போகும். நகக்கண்ணில் ஏறிய பழுப்பு எந்தச் சோப்புக்கும் மசியாது. புதிதாகப் பார்க்கிறவர்கள், "போய் நல்லா கை கழுவிட்டு வாம்மா" என்பார்கள். நானாக இருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போய் இன்னொரு தரம் கழுவிக்கொண்டு வருவாள்.

அவளுக்கென்று இருந்த ஒரே ஆசை டேபிள் டென்னிஸ். பட்டறை விட்டதும் நேரே தெருமுனைக் கிளப்புக்குப் போய்விடுவாள். ரெண்டு பச்சை மேசை, ஒழுகுகிற கூரை ஒன்று, அவ்வளவுதான் அந்தக் கிளப். இரட்டையர் ஆட்டத்தில் அவளுக்கு ஒரு ஜோடி இருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். இப்போது எனக்கு அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் சொல்ல வருகிறது. அப்போதெல்லாம் நானும் வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் அடுப்படி வரை வந்து பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்க்கிற உரிமை அவளுக்கு இருந்தது. "நீயும் கூடப் பொறந்தவதான், அவளும் கூடப் பொறந்தவதான்" என்று அக்கா சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நல்ல மட்டையை வெறும் மரமாகத்தான் வாங்குவார்கள். ரப்பரைத் தனியாக வாங்கி, ரெண்டு பக்கமும் பசை போட்டு ஒட்ட வேண்டும். தேய்ந்துபோனால் உரித்துவிட்டுப் புதிது ஒட்டலாம். மரத்தின் மேலடுக்கு காகிதம் மாதிரி மெல்லிசு. அதை அப்படியே விட்டு ஒட்டினால், உரிக்கும்போது நாரும் சிலாம்புமாக ரப்பரோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் ஒட்டுவதற்கு முன்பே வார்னிஷை நீர்க்கக் கலந்து, துணியில் தொட்டு, மெல்லிசாக ஒரு பூச்சு கொடுப்பார்கள். காய்ந்ததும் உப்புத்தாளால் ஒரு தடவல், மறுபடி ஒரு பூச்சு. கனமாகப் பூசினால் மரம் விறைத்துப்போய், பந்து தகரத்தில் பட்டது போலத் துள்ளும். பூசவே இல்லை என்றால்? அங்கேதான் வம்பு. மேலே ரப்பர் ஒட்டிவிட்டால் பூசியதும் பூசாததும் பார்வைக்கு ஒன்றுதான். உரிக்கிற அன்றைக்குத்தான் சாயம் வெளுக்கும்.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. தன் மட்டைக்குத் தானே பூசக் கூடாது, ஜோடிதான் பூசித் தர வேண்டும். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. எவராவது தனக்குத் தானே பூசிக்கொண்டால், "என்ன, ஜோடியோட சண்டையா?" என்று ஓட்டி எடுத்துவிடுவார்கள்.

போன வருஷம் அக்கா ஆசை ஆசையாக ஒரு புது மட்டை வாங்கினாள். அதற்கென்று பட்டறையில் உட்கார்ந்து தானே வார்னிஷ் கலந்தாள். பூச்சு எங்கே பட்டது, எங்கே விட்டுப்போனது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அதில் துளி தேக்கு நிறச் சாயம் விடுவாள். வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. பூசினால் மரம் தண்ணீர் கூடிப்போன டீயின் நிறத்துக்கு வரும். அந்தக் கலவையைக் காலி மருந்து பாட்டில் ஒன்றில் ஊற்றி, மட்டையோடு சேர்த்துக் கண்ணாடிக்காரியிடம் கொடுத்தாள். மட்டை திரும்பி வந்தபோது ரப்பரும் ஒட்டியிருந்தது.

"ரெண்டு கோட் பூசிட்டேன்டி. உனக்கு எதுக்குச் சிரமம்னு ரப்பரையும் நானே ஒட்டிட்டேன்."

அக்கா பூரித்துப்போனாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த பால்காரர் வரை அந்தக் கதையைக் கேட்க வேண்டியிருந்தது.

இந்த வருஷப் போட்டி நெருங்கியது. கண்ணாடிக்காரி தன் மட்டையைப் பூசக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அக்கா முதலில் அதைத்தான் எடுத்தாள். ரப்பர் வழவழவென்று கழன்று வந்தது. பழைய பூச்சைத் தேய்த்து எடுத்து, மரத்தைப் புதுப் பூச்சுக்குத் தயாராக ஓரமாக வைத்தாள். அப்புறம் தன்னுடையது. கைப்பிடி மூலையில் நகத்தால் நெம்பி, நார் ஓடுகிற பக்கமாகச் சாய்த்து, மெதுவாகத்தான் இழுத்தாள். சர்ரென்று ஒரு சத்தம். ரப்பரின் அடியில் நீளமாக ஒரு பட்டை மரம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மட்டையின் நடுவே பள்ளம், சுற்றிலும் சிலாம்பு. டீ நிறம் மருந்துக்குக்கூட இல்லை. வெறும் மரம்.

அக்கா போனை எடுத்தாள். "என் மட்டை பிஞ்சுபோச்சுடி. பூச்சு இருந்த மாதிரியே தெரியல."

"மரம் மட்டமா இருக்கும்டி. நான்தான் பூசினேனே. உள்ள இழுத்திருக்கும்."

"ஆமா, இழுத்திருக்கும்" என்றாள் அக்கா. காலையிலிருந்து மாலை வரை வார்னிஷோடு குடித்தனம் நடத்துகிறவள் சொல்கிற பேச்சா இது? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"அவ உன் காதுல பூ சுத்துறாக்கா!"

"நீ சும்மா இரு. உனக்கு எப்பவுமே அவளைக் கண்டா ஆகாது."

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரம்மா வந்தார். போன வருஷம் கிளப்பில் சேர்ந்தவர், நன்றாக ஆடுவார், மனதில் பட்டதைப் பளிச்சென்று சொல்லிவிடுவார். தன் மட்டையை நீட்டினார்.

"ரப்பர் உரிக்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்லன்னு சொல்றாங்க. கொஞ்சம் உரிச்சுத் தர்றீங்களா? எனக்குப் பல்லுதான் பிடுங்க வரும்."

அக்கா சிரித்துக்கொண்டே உரித்தாள். ஒரு நார்கூட எழும்பவில்லை. அடியில் டீ நிறம், ஓரம்வரை ஒரே சீராக. அக்காவின் கை நின்றுவிட்டது.

"இது யார் பூசினது?"

"கண்ணாடிக்கடை அக்காதான். நானும் அன்னைக்கு அவங்க வீட்டுலதான் இருந்தேன். சின்ன பாட்டில்ல ஏதோ ஸ்பெஷலா வச்சிருந்தாங்க. பக்கத்துல இன்னொரு புது மட்டை கிடந்துச்சு, அதுக்குப் பத்துமான்னு கேட்டேன். 'அவ உரிக்கறதுக்குள்ள ஒரு வருஷம் ஓடிடும், அப்ப பார்த்துக்கலாம்'னு சிரிச்சாங்க." டாக்டரம்மாவும் சிரித்தார். "இந்த வருஷம் நாங்க ரெண்டு பேரும்தானே ஜோடி. சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னா, சொன்னா" என்றாள் அக்கா. மட்டையைத் துடைத்து, டாக்டரம்மாவை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். வந்தவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மட்டை போனாப் போகுது. சிரிச்சாளாம்டி."

முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த வருஷம் முழுக்க ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவள் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றவள் கண்ணாடிக்காரி. ஒவ்வொரு தரமும் அந்த ரப்பருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஜோடியை மாற்றிக்கொண்டவள், பூசுவதற்கு மட்டும் எங்கள் வீட்டைத் தேடி வந்திருக்கிறாள்!

"நீயும் அதையே செய்யி" என்றேன். "பூசாம ரப்பரை ஒட்டி, ரெண்டு கோட் பூசிட்டேன்னு சொல்லிக் குடு. அவளுக்கும் பிய்யட்டும்."

அக்கா எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் கண்ணாடிக்காரி வாசலில் நின்றுகொண்டே கேட்டாள். "என் மட்டை ஆச்சாடி?"

அக்கா வெறும் மரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். உரித்த ரப்பர் ரெண்டையும் தனியாக அதன் மேல் வைத்தாள்.

"இந்தா. பூசல."

"என்னடி இது, போட்டி வந்தாச்சு..."

"பூசலன்னு சொல்லித்தான் குடுக்கறேன். ஜோடிதான பூசணும்? உன் டாக்டர்கிட்ட குடு."

கண்ணாடிக்காரிக்கு முகம் செத்துப்போய்விட்டது. "நானே சொல்லணும்னுதான் இருந்தேன். உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"அந்த பாட்டிலை மட்டும் திருப்பிக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே வந்துவிட்டாள். கதவை நான்தான் சாத்தினேன், கொஞ்சம் பலமாகவே.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் அக்கா கடித்துவிட்டாள்! அவளைக் கட்டிப்பிடித்துக் குதிக்கலாம் போல இருந்தது. அவளோ தன் மட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மரத்தூளும் பசையும் குழைத்துப் பள்ளத்தை அடைத்து ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்தாள். வார்னிஷ் டப்பாவைத் திறந்து துணியை மடித்தாள். தனக்குத் தானே பூசிக்கொள்ளப் போகிறாள் என்று தெரிந்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"குடுக்கா, நான் பூசறேன்" என்று கையை நீட்டினேன். "எனக்கு ஆடத்தான் தெரியாது. பூச நீதானே சொல்லிக் குடுத்தே."

அக்கா மட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வேணாம்."

"என்னக்கா, நான் உன் கூடப் பொறந்தவ."

அவள் துணியை வார்னிஷில் தொட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

"அவளையும் அப்படித்தான்டி சொன்னேன்" என்றாள்.