ரெண்டு இன்ச் அக்காவின் தேன்பெட்டி

அந்தத் தெருவில் டெய்லர் வீடு எது என்று கேட்டால் முழிப்பார்கள். ரெண்டு இன்ச் அக்கா வீடு என்று கேட்டால் மாடிப்படிவரை கொண்டுவந்து விடுவார்கள். சட்டையோ கவுனோ, எதைத் தைத்தாலும் உள்பக்கம் ரெண்டு இன்ச் துணியை மடித்து விட்டுவிடுவாள். "இப்ப வேண்டாம்னுதான் சொல்வீங்க. அடுத்த வருஷம் பிரிச்சு விடுங்கன்னு வந்து நிப்பீங்க" என்பாள். நிற்கவும் செய்வார்கள். சீருடை தைக்கிற கம்பெனியில் வருஷக்கணக்காகக் காலர் மட்டுமே தைத்தவள் அவள். ஒருநாள் சூப்பர்வைசரிடம், "ஒரு முழுச் சட்டை தைக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வந்து முன்னறையில் சொந்த மிஷினைப் போட்டாள். வாய் கொஞ்சம் நீளம்தான். தையல் சுத்தம் என்பதால் ஊர் பொறுத்துக்கொண்டது.

அவளுக்குத் தேனீ வளர்க்கிற ஆசை தம்பியைப் பார்த்து வந்தது. தம்பி எலக்ட்ரீஷியன், ரெண்டு தெரு தள்ளி வீடு, மொட்டைமாடியில் ஒரு தேன்பெட்டி. கேட்கிறவர்களுக்கெல்லாம் அதைப் பற்றி வகுப்பெடுப்பான். எனக்கும் ஒன்று வேண்டும் என்று இவள் கேட்டபோது, உனக்கு எதற்கு இந்த வேலை என்று சிரித்தான். புருஷனும் அதையேதான் கேட்டார். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர், நாளெல்லாம் பிள்ளைகளின் இரைச்சலில் இருப்பவர், வீட்டிலாவது அமைதி வேண்டும் என்று நினைப்பவர்.

"தைக்கிறதெல்லாம் அடுத்தவங்க போட்டுக்கிட்டுப் போறதுக்கு. எனக்குன்னு ஒண்ணு என் கண்ணு முன்னாடியே இருந்து வளரட்டுமே" என்றாள் அவரிடம்.

தம்பியின் பெட்டியில் ஈக்கள் பெருகி வாசலில் கொத்தாகத் தொங்க ஆரம்பித்ததும் அவனுக்கே வழியில்லாமல் போனது. கூட்டத்தைப் பிரித்தே ஆகவேண்டும். பழைய ராணியையும், ஈயாக வளரும் புழுவும் முட்டையும் இருந்த மூன்று சட்டங்களையும், அவற்றில் மொய்த்த ஈக்களோடு அக்காவுக்குக் கொடுத்தான். சட்டம் என்பது ஈக்கள் அடை கட்டுவதற்காகப் பெட்டிக்குள் தொங்கவிடும் மரச்சட்டம். மீதிக் கூட்டம் தனக்கொரு புது ராணியை வளர்த்துக்கொள்ளும், இளசு, நிறைய முட்டை போடும் என்பது அவன் கணக்கு. கிழட்டு ராணி அக்காவுக்குப் போதும்.

"மழை பிடிச்சா தீனி தேட முடியாது, அதுக்குள்ள இதுங்க பெருகி நிக்கணும் அக்கா. இல்லேன்னா எடுத்துட்டுப் போய் என்னோடதோட சேர்த்துடுவேன். உன் மாடியில அநியாயமா சாக விடமாட்டேன்."

"பெருகும். நீ உன் வேலையைப் பாரு."

சொல்லிவிட்டாள். அப்புறம் செய்ததுதான் கூத்து. புதிதாக வாங்கிய பெரிய பெட்டியில் அந்த மூன்று சட்டங்களையும் ஒரு ஓரமாக வைத்து, மீதி இடம் முழுக்க வெறும் சட்டங்களைத் தொங்கவிட்டாள். போக வர வசதியாக இருக்கட்டும் என்று வாசலையும் அகலமாகத் திறந்து வைத்தாள். வளருகிற பிள்ளைக்கு யாராவது அளவாகத் தைப்பார்களா? "இது சட்டை இல்லக்கா" என்று தம்பி இழுத்தான். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கொசுவலையில் தானே தைத்த முகமூடியைப் போட்டுக்கொண்டு ஒரு காலையில் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். வெறும் சட்டங்கள் வெறுமனேதான் தொங்கின. ஒரு துளி மெழுகு வைக்கவில்லை. ஈக்களெல்லாம் மூன்றில் நடுச்சட்டத்தில் ஒன்றோடொன்று அண்டிக் கிடந்தன. ஓரத்து அடையில் இருந்த புழுக்கள் குளிரில் விறைத்துச் செத்திருந்தன. திறந்து கிடந்த வாசல் வழியே எறும்பு சாரைசாரையாக ஏறிக்கொண்டிருந்தது. இவ்வளவு இடத்துக்கும் இந்தக் கைப்பிடி ஈக்களால் எப்படிச் சூடு கொடுக்க முடியும்? பிள்ளைகளைக் காப்பாற்றுவதிலேயே அவற்றின் தெம்பெல்லாம் போயிருந்தது.

தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தம்பியைக் கூப்பிடலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது. கூப்பிட்டால் அவன் முதல் வேலையாகப் பெட்டியைத் தூக்குவான் என்று தெரியும். பெரிசாகிப் போனதைப் பிடித்துத் தைக்க எனக்கா தெரியாது என்று கீழே இறங்கிப் போய் ரம்பத்தோடு வந்தாள்.

வெறும் சட்டங்கள் அத்தனையையும் வெளியே எடுத்தாள். பழைய அலமாரிப் பலகை ஒன்றைப் பெட்டியின் உள் அளவுக்கு அறுத்து, மூன்று சட்டங்களுக்குப் பக்கத்தில் சுவர் மாதிரி இறுக்கமாக நிறுத்தினாள். வாசலை விரல் நுழையும் அளவுக்கு விட்டு மீதியை அடைத்தாள். பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்ததும் எறும்பின் ஆட்டம் அடங்கியது. சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும், மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் சர்க்கரைப் பாகை ஊற்றி உள்ளே கவிழ்த்து வைத்தாள். பகலில் வைத்தால் வாசனை பிடித்து வேறு கூட்டத்து ஈக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும்.

"எனக்குச் சுகர்னு டீயில சர்க்கரையை நிறுத்தினே. அதுங்களுக்கு மட்டும் பாகு காய்ச்சுறே" என்றார் புருஷன்.

"அதுங்க காலையிலேருந்து பறக்குதுங்க. நீங்க உக்காந்துதானே ஓட்டுறீங்க?"

அவர் முணுமுணுத்தபடியே கடைக்குப் போய் இன்னொரு பை சர்க்கரை வாங்கிவந்தார்.

இடம் சுருங்கியதும் பெட்டிக்குச் சூடு வந்தது. மேலே கை வைத்தால் உள்ளங்கையில் தெரிந்தது. கடைசிச் சட்டத்தின் இரண்டு பக்கமும் ஈக்கள் மூடிக்கொண்ட பிறகுதான் பலகையைத் தள்ளி ஒரே ஒரு வெறும் சட்டத்தைக் கொடுத்தாள். அதில் வெள்ளை வெளேரென்று அடை கட்டி, ராணி முட்டையிட்டு, அதுவும் நிறைந்த பிறகு அடுத்தது. அவசரமே படவில்லை. சும்மா சும்மா திறந்து பார்க்கிற ஆசையையும் அடக்கிக்கொண்டாள். அவளுக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. ஒருநாள் பலகைக்கே உள்ளே இடமில்லாமல் போனது. அன்று முழுவதும் அவள் மிஷினில் பாடிக்கொண்டே தைத்ததாகப் புருஷன் சொல்கிறார். பாட்டு சகிக்கவில்லை என்றும் சொல்கிறார்.

வானம் கருக்கத் தொடங்கிய நேரத்தில் தம்பி ஒரு சின்னப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தான். அதைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் பெட்டி மூடியைத் திறந்து பார்த்தான். எந்தச் சட்டத்தைத் தூக்கினாலும் ஈ மொய்த்துக் கிடந்தது. அவன் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"என்னடா, பெருகியிருக்கா இல்லையா?"

"அக்கா... என் பெட்டியில புது ராணி ஆண் ஈயோட சேர வெளியே பறந்து போச்சு, திரும்பி வரலை. ஏதாவது குருவி தின்னிருக்கும். முட்டையே இல்ல. மழைக்குள்ள எல்லாம் செத்துடும்." கொஞ்சம் நிறுத்தி, "பழைய ராணியைக் குடுத்துடேன். என்னோடதுதானே" என்றான்.

அவள் கை பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"வளரலேன்னா எடுத்துட்டுப் போவேன்னு சொன்னே. வளர்ந்தாலும் எடுத்துட்டுப் போவியா?"

அவன் குனிந்து, காலடியில் இருந்த சின்னப் பெட்டியின் மூடியைக் கழற்றினான். கூடப் பிறந்தவன், அந்தப் பெட்டிமேல் உயிரையே வைத்திருப்பவன். பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"ராணியைத் தரமாட்டேன்" என்றாள். "முட்டை இருக்கிற சட்டம் ஒண்ணு தரேன். அதை வெச்சு உன் ஈங்க புதுசா ஒண்ணை வளர்த்துக்கட்டும். இதைப் பிடி."

நடுச்சட்டத்தை உருவி அவன் கையில் கொடுத்தாள். இருப்பதிலேயே நல்ல சட்டம் அது. அதிலிருந்த ஈக்களைத் தட்டித் தன் பெட்டிக்குள் விடலாம் என்று அவள் குனிந்தபோதுதான் ரெண்டு பேரும் பார்த்தார்கள். நீண்ட வயிற்றோடு, அவன் கட்டைவிரலுக்குப் பக்கத்தில், ராணி நடந்துகொண்டிருந்தது.

சின்னப் பெட்டி அவன் காலடியில் திறந்தேதான் இருந்தது. சட்டத்தை அதில் இறக்கினால் முடிந்தது. கையை நீட்டிப் பிடுங்கினால் ராணி நசுங்கிப்போகும்.

தம்பி சட்டத்தை மெதுவாகச் சாய்த்து, அதன் ஓரத்தை அவளுடைய பெட்டியின் விளிம்பில் வைத்தான்.

"பதறாதேக்கா. அதுவா இறங்கட்டும்" என்றான்.

கடைசி ஈ இறங்கும்வரைக்கும் அவன் கை அசையவே இல்லை.