நுழைவாயிலில் ஒரு கோழிப் பிரட்டல்

1. முதல் நாள், முதல் ரைஸ் குக்கர்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு ரைஸ் குக்கரைப் பிடித்தேன். அது ஒரு தள்ளுவண்டியில், துண்டு போர்த்தி, தலையில் பூப்போட்ட தொப்பியோடு படுத்திருந்தது. "குழந்தை இப்பத்தான் தூங்குச்சுக்கா, எழுப்பிறாதீங்க" என்றார் அந்த அம்மா. குழந்தையின் வயிற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

லகாட் என்ற ஊர்ப் பக்கம், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைச் சீர்செய்து கட்டிய நீர் விளையாட்டுப் பூங்கா அது. பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு இன்னும் சிநேகிதர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன் கையுறை ஃபேக்டரியில் தரம் பார்க்கும் கியூசியாக இருந்தேன். அங்கே ஓட்டை இருக்கிறதா என்று கையுறையைப் பார்ப்பேன், இங்கே சாப்பாடு இருக்கிறதா என்று பையைப் பார்ப்பேன். வேலையின் பெயர் பேக் செக்கிங். விதி ஒன்றே ஒன்று. வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாது. குழந்தைப் பாலும் மருந்தும் தண்ணீரும் போகலாம். மற்றது எதுவானாலும் காடியில், அதாவது காரில், வைத்துவிட்டு வர வேண்டும், அல்லது என்னிடம் ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருமுறை வெளியே போனால் திரும்ப வர முடியாது, அதனால் டோக்கன் சாப்பாடு சாயங்காலம்தான் கிடைக்கும்.

ஓய்வு பெறும்வரை அந்த மேசைக்குப் பின்னால்தான் நின்றேன். இப்போது பேக் செக்கிங்குக்குச் சேரும் பிள்ளைகள் என்னிடம் வந்து, "எப்படிக்கா கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2. எங்கெல்லாம் ஒளிப்பார்கள்

நாப்கின் பெட்டியில் வறுத்த மீகூன் சேமியா இருக்கும். காலுறைக்குள் அவித்த முட்டை இருக்கும். கொளுத்துகிற வெயிலில் ஒருவர் ஜாக்கெட் போட்டு வந்தால் பாக்கெட்டுகளில் சப்பாத்தி இருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஆசிரியர் தம்பதி மிதவை வளையத்துக்குள், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலங்களை அடுக்கிக் காற்றடித்துக் கொண்டுவந்தார்கள். எப்படிச் செய்தார்கள் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஷாம்பு பாட்டிலில் நெத்திலிச் சம்பல் கொண்டுவந்த ஒருவரை நான் கோட்டைவிட்டேன். அவருடைய மச்சானுக்கு விஷயம் தெரியாது. குளியலறையில் அந்தப் பாட்டிலை எடுத்துத் தலைக்குத் தேய்த்துவிட்டார். முதலுதவி அறையில் அவர் கத்திய கத்தலில் சறுக்கு மரத்தின் உச்சியில் இருந்தவர்கள் இறங்க மறுத்தார்கள். அன்றிலிருந்து ஷாம்பு பாட்டிலையும் முகர்ந்து பார்த்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இவர்கள் யாரும் இல்லாதப்பட்டவர்கள் இல்லை. கிளார்க், டெக்னீஷியன், நர்ஸ், வாத்தியார் என்று மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். வீட்டுக் கடன் ஒரு பக்கம், காடிக் கடன் ஒரு பக்கம். பள்ளி விடுமுறைக்கு எங்கேயாவது கூட்டிப்போகிறேன் என்று பிள்ளைகளிடம் வாய் விட்டுவிட்டு, பிறகு கேலண்டரைப் பார்த்துப் பார்த்துப் பயப்படுகிறவர்கள். டிக்கெட்டுக்கு எப்படியோ சேர்த்துவிடுவார்கள். உள்ளே ஒரு தட்டு மீகூன் விலைக்கு வெளியே குடும்பமே பசியாறலாம். அங்கேதான் கணக்கு உதைக்கும்.

3. கன்னியப்பன் கொண்டுவந்த சட்டி

கன்னியப்பன் சிலிம் ரிவர் பக்கத்துக்காரர். பள்ளி வேன் ஓட்டுகிறவர். மனைவி மல்லிகா, மூன்று பெண் பிள்ளைகள். ஒரு சனிக்கிழமை காலை ஐந்து பேரும் வந்தார்கள். மல்லிகாவின் இடுப்பில் ஒரு பெரிய சட்டி இருந்தது. ஒளிக்கவே இல்லை. எனக்கு அதுவே அதிர்ச்சியாக இருந்தது.

"அண்ணே, வெளிச் சாப்பாடு கொண்டுபோக முடியாது."

"இது சாப்பாடு இல்லக்கா" என்றார் கன்னியப்பன்.

மூடியைத் திறந்தேன். கோழிப் பிரட்டல். மேலே கறிவேப்பிலை, அதற்கும் மேலே ஒரு கோடு விபூதி.

"பின்ன என்னண்ணே இது?"

"பிரசாதம். புது வேன் எடுத்திருக்கோம்லா. காலையில தோட்டத்துக் கோயில்ல முனியாண்டிக்குப் படைச்சோம். ரெண்டு சேவல்."

"சரி, வேன்ல வச்சிட்டு வாங்க."

"வெயில்ல கெட்டுப் போயிரும். கெட்டா கொட்டணும். முனியாண்டிக்குப் படைச்சத கொட்டச் சொல்றீங்களா? நீங்களே கொட்டுங்கக்கா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். நானும் தோட்டத்தில் பிறந்தவள். எனக்கு மேனேஜர் பயம் உண்டு. முனியாண்டி பயம் அதைவிட நிறைய உண்டு. இரண்டு பேரில் பேசித் தீர்க்கக்கூடியவர் மேனேஜர்தான் என்பதால் அவரைக் கூப்பிட்டேன்.

மேனேஜர் பெயர் லிம். அவருடைய அப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். லிம் என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார், வசவுகள் உட்பட. சட்டியைப் பார்த்தார். விபூதியைப் பார்த்தார். விதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"எந்தத் தோட்டத்து முனியாண்டி?" என்றார்.

கன்னியப்பன் தோட்டத்தின் பெயரைச் சொன்னார்.

"அவரா? எங்கப்பா கடைக்கு அவருதான் காவல்லா. ராத்திரி குதிரையில சுத்துவாரு." சொல்லிக்கொண்டே லிம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சட்டியைக் கும்பிட்டார். பிறகு என் காதருகே வந்து, "விடு கமலா. நான் தினம் அந்த ரோட்லதான் காடி ஓட்டுறேன்" என்றார்.

விட்டேன். மத்தியானம் லிம்முக்கு ஒரு தொடைத்துண்டு வந்து சேர்ந்தது. அதற்கு முன், காலையில் உள்ளே விடும்போதே, பிள்ளைகள் முன்னால் ஓடிய பிறகு கன்னியப்பனிடம் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே. முனியாண்டிக்கா, இல்ல இந்த வாசலைத் தாண்டறதுக்கா?"

"வேண்டுதல் நிசந்தான்க்கா. பூசைய இன்னிக்குன்னு வச்சது நானு." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "டிக்கெட் எப்படியோ வாங்கிடறேன். உள்ள போனதும் மூணும் பசிக்குதுன்னு சொல்லும் பாருங்க, அதுக்குத்தான் பயமா இருக்கும்."

டிக்கெட்டில் முத்திரை குத்துகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

4. எல்லாச் சாமியும் நீச்சலுக்கு வந்த வாரம்

விஷயம் வாட்ஸ்அப்பில் போய்விட்டது. பிரசாதம் என்றால் விடுகிறார்களாம் என்று தாப்பா ஊர் வரைக்கும் பரவிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை என் மேசைக்கு வந்த எல்லாவற்றிலும் விபூதி. நாசி லெமாக்கில் விபூதி, சார்டின் ரொட்டியில் விபூதி, பிரிக்காத பிஸ்கட் பொட்டலத்தின்மேல் விபூதி. ஒரு அக்கா வரிசையில் நின்றபடியே கைப்பையிலிருந்து விபூதி எடுத்து உருளைக்கிழங்கு சிப்ஸுக்குப் பூசினார், என் கண் முன்னாலேயே. ஒரு மலாய் மக்சிக் அம்மா, கெண்டூரி விருந்தில் ஓதிக் கொடுத்தனுப்பிய பெர்காட் பொட்டலம் என்று நெய்ச்சோற்றைக் காட்டினார். பொட்டலம் பன்னிரண்டு இருந்தது. ஒரு சீனக் குடும்பம் காவல் தெய்வமான டத்தோ சாமிக்கு வைத்து எடுத்த வாத்து என்று ஒரு முழு வாத்தோடு வந்தது. ஒரு சாமிக்கு விட்டுவிட்டு இன்னொரு சாமிக்கு எப்படி மறுப்பது? லிம் செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டிக் களைத்துப்போய், கடைசியில் வெறுங்காலோடு நின்றார்.

உள்ளே உணவுக்கடைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இப்படியே சில வாரங்கள் போயின. கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து ஆள் வந்தது.

5. சிரிக்கும் முகம்

வந்தவர் பெயர் வள்ளியம்மை. செட்டியார் வீட்டுப் பெண், கணக்கில் புலி. என்மேல் கோபப்படவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"சாப்பாட்டுல போனத டிக்கெட்ல எடுத்துடலாம்" என்றார் லிம்மிடம். "டிக்கெட் விலையை ஏத்திடலாம். முதல்ல ஒரு சர்வே."

சட்டியை உள்ளே விட்டது நான். அதற்கு விலை கொடுக்கப்போவது கன்னியப்பன் மாதிரி ஆட்கள். டிக்கெட் இன்னும் ஏறினால் அந்த வேன் இந்தப் பக்கம் திரும்பாது. மூன்று பிள்ளைகளுக்கும் இந்தப் பூங்கா விளம்பரப் பலகையில் மட்டும்தான் இருக்கும்.

சர்வே தாளில் ஒரே கேள்வி. எங்கள் விலை உங்கள் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிறதா? கீழே மூன்று முகங்கள்: சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். நுழைவாயிலில் நான் கொடுக்க வேண்டும், குடும்பத் தலைவர் டிக் செய்ய வேண்டும். எனக்கு நிம்மதியாகிவிட்டது. அழுகிற முகத்துக்கு மை தீர்ந்துபோகும் என்று நினைத்து இரண்டு பேனா கூடுதலாக வாங்கி வைத்தேன்.

எல்லோரும் சிரிக்கிற முகத்துக்கே டிக் செய்தார்கள். ஒருவர் பாக்கி இல்லை.

அன்று கன்னியப்பனும் வந்தார். தன் அக்கா குடும்பத்தை வேனில் ஏற்றிக்கொண்டு, கூடவே தன் மூத்த மகளையும் கூட்டி வந்திருந்தார். அவரும் சிரிக்கிற முகத்துக்கே, அதுவும் தாள் கிழிகிற மாதிரி அழுத்தி டிக் செய்தார்.

"ஏண்ணே, அன்னிக்கு என்கிட்ட என்ன சொன்னீங்க? இப்ப பொய் சொல்றீங்களே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"புள்ள பாத்துக்கிட்டு நிக்குதுல்ல" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். வரிசையில் நின்ற ஒவ்வொரு அப்பாவின் இடுப்பு உயரத்திலும் ஒரு பிள்ளை எட்டித் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றது. இத்தனை வருடம் பையையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அன்றுதான் அது கண்ணில் பட்டது. என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

சாயங்காலம் வள்ளியம்மை தாள்களை எண்ணி முடித்தார். "எல்லாருமே ஹேப்பி. தாராளமா ஏத்தலாம்."

நான் வாய்க்காரிதான். ஆனால் அவரிடம் வாதாட என்னால் முடியாது. அவர் கையில் தாள் இருக்கிறது, என் கையில் டோக்கன்தான் இருக்கிறது. அதனால் முட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"மேடம், நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஆள் இல்ல. எனக்கு முட்டி வலி. ஒரே ஒரு நாள் என் மேசையில நில்லுங்க. பக்கத்துல உக்காந்து நான் சொல்லித்தாரேன்."

6. மேடம் திறந்த பைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை வள்ளியம்மை கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். முதல் பையில் இட்லி. இரண்டாவது பையில், நீச்சல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஊறுகாய். மூன்றாவதாக வந்தவருடைய தொப்பியை எடுக்கச் சொல்லி நான் கண் காட்டினேன். தலையில் ரொட்டி சானாய் பரோட்டா இருந்தது, நான்கு.

வள்ளியம்மைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பத்து மணி வரைக்கும் சிரித்தார். பிறகு ஒரு நர்ஸ் குடும்பம் வந்தது. மிச்சமிருந்த சர்வே தாளில் சிரிக்கிற முகத்துக்கு டிக் செய்துவிட்டுப் பையை மேசையில் வைத்தார்கள். உள்ளே ரொட்டிப் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர், யாரும் யாருடையதையும் எடுத்துவிடாமல் இருக்க. கடைசிப் பொட்டலம் பாதி அளவுதான் இருந்தது. அதில் 'அம்மா அப்பா' என்று எழுதியிருந்தது.

அந்த அம்மா பையைப் பார்க்கவில்லை, பிள்ளைகளையும் பார்க்கவில்லை. தூரத்துக் குன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வள்ளியம்மை டோக்கன் எடுக்கவில்லை. பையின் ஜிப்பைத் தானே இழுத்து மூடினார். "குழந்தைப் பால்தானே? போங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவே இல்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரம் வந்தது. கைப்பையை மாட்டிக்கொண்டு உள்ளே கிளம்பினார். லிம் குறுக்கே வந்து நின்றார். ஊழியர் பையையும் பார்ப்பது விதி, தலைமையகம் எழுதிய விதி.

"சாரி மேடம்" என்றார் லிம்.

வள்ளியம்மை சற்று யோசித்துவிட்டுப் பையைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன டிஃபன் டப்பா. இடியாப்பம், தேங்காய்ச் சட்னி. கோலாலம்பூரிலிருந்து வந்ததில் கொஞ்சம் நசுங்கியிருந்தது.

லிம் ஒரு காலைத் தூக்கிச் செருப்பில் கை வைத்தார். "பிரசாதமா மேடம்?"

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பக்கத்தில் பிள்ளைகள் யாரும் இல்லை.

"இல்ல" என்றார். "உள்ள ரொம்ப விலைலா."

7. கற்றுக்கொண்டது

அந்த வருடம் டிக்கெட் விலை ஏறவில்லை. கார் பார்க்கின் ஓரத்தில் தகரக் கூரை போட்டு நீள மேசைகள் வந்தன. கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்து, சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போகலாம் என்று விதி மாறியது. கன்னியப்பனின் சின்ன மகள் அங்கே நின்று கோழிக்காலைக் கடித்துக்கொண்டே எனக்குக் கையாட்டியதைப் பார்த்தேன். மறு வருடம் விலை கொஞ்சம் ஏறத்தான் செய்தது. எல்லாமே ஏறுகிறது, அதை என்னால் நிறுத்த முடியாது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். விலை கட்டுப்படியாகிறதா என்று ஒரு அப்பாவைப் பிள்ளையின் முன்னால் கேட்காதீர்கள். ஆகிறது என்றுதான் சொல்வார். பதில் வேண்டுமானால் பையைத் திறந்து பாருங்கள், பார்த்த பிறகு பிள்ளைகளுக்குத் தெரியாமல் மூடிவிடுங்கள்.