பெரியவரை ராயக்கோட்டையில் விட்டுவந்த கதை

என் கணவரின் அண்ணனைப் பெரியவர் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கம்பெனி பஸ்களுக்கு அவர்தான் பொறுப்பு. ஷிப்ட் முடிந்ததும் எந்த பஸ்ஸில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று தலை எண்ணி அனுப்புவார். "என் எண்ணிக்கை தப்பவே தப்பாது" என்று பெருமை வேறு. குடும்பத்தோடு எங்கே சுற்றிப் பார்க்கப் போனாலும், கிளம்பும் முன் வேன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு விரலை நீட்டி எண்ணத் தொடங்கிவிடுவார். ஆண்களையும் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக எண்ணுவார். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்து, "பொம்பளைங்க எல்லாம் வந்தாச்சா?" என்பார். யாராவது ஒருத்தி "ஆச்சு" என்றால் போதும், வேனைத் தட்டி "ரைட்" சொல்லிவிடுவார். எங்களைத் தனித்தனியாக அவர் எண்ணியதே இல்லை.

கல்யாணமான புதிதில் ஒகேனக்கல் போனோம். நான் வேப்பனப்பள்ளியில் பிறந்தவள். மாந்தோப்பும் ஏரியும் பார்த்து வளர்ந்தவளுக்கு அருவி என்றால் எவ்வளவு ஆசை இருக்கும்! ஆனால் அன்று நான் அருவியைப் பார்த்ததைவிட அருவியில் குளித்தவர்களின் துணியைப் பார்த்ததுதான் அதிகம். புது மருமகள் என்பதால் எல்லாருடைய துண்டும் செயினும் செல்போனும் என் கையில். எல்லாரும் குளித்துக் கரையேறிய பிறகு கடைசியாக நான் இறங்கினேன். உடை மாற்றும் அறையிலிருந்து ஈரத்துணி மூட்டையோடு வெளியே வந்தபோது வேன் நின்ற இடம் காலியாக இருந்தது.

என் போன் வேனில். கையில் காசு இல்லை. மீன் வறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என் முகத்தைப் பார்த்து, "விட்டுட்டுப் போயிட்டாங்களா கண்ணு?" என்று கேட்டு ஒரு ஸ்டூலைத் தள்ளினார். அதில் உட்கார்ந்து, போகிற வருகிற வேனையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. யாராவது இந்நேரம் கவனித்திருப்பார்கள், இதோ திரும்பி வருவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். என் கணவர் இரவு ஷிப்ட் முடித்த கையோடு வந்தவர், ஏறியதும் தூங்கிவிட்டாராம். மற்றவர்கள் பாலக்கோடு வரை போய், மரத்தடியில் நிறுத்தி, புளிச்சோற்று அண்டாவைத் திறந்தார்களாம். கரண்டியைக் காணவில்லை. கரண்டியை எங்கே வைத்தாள் என்று கேட்கத்தான் என்னைத் தேடியிருக்கிறார்கள்.

மறந்துவிட்டுப் போனதைக்கூட நான் மன்னித்திருப்பேன். மனிதர்தானே, மறதி எல்லாருக்கும் உண்டு. ஆனால் அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கிவிட்டார் பெரியவர். காதுகுத்து, கிரகப்பிரவேசம், வளைகாப்பு என்று எங்கே பந்தி போட்டாலும் அந்தக் கதை வரும். "வேப்பனப்பள்ளிக்காரி, மீன் வறுக்கறதப் பாத்து வாயப் பொளந்து நின்னுட்டா. வேன் போனதே தெரியல!" சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. நான் ஒப்பாரி வைத்தேனாம். பரிசல்காரனிடம் தெலுங்கில் கெஞ்சினேனாம். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், என் கணவர் உட்பட. இலையில் பொரியல் வைத்துக்கொண்டே நானும் பல்லைக் காட்ட வேண்டும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். எனக்கு ஆறவே இல்லை. பிள்ளைகள் பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்த மனிதர் நடுரோட்டில் நின்று வேனைத் தேட வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் இருந்தேன்.

போன ஆயுத பூஜை விடுமுறையில் சாமி கண் திறந்தது.

ராயக்கோட்டைக் கோட்டைக்குப் போனோம். என் கணவர் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். மாமியாரும் சின்னப் பிள்ளைகளும் அதில். மற்றவர்கள் வாடகை வேனில். காலையிலேயே ஏறியும் பாதிக்கு மேல் பாறை சுட்டது. பெரியவர் உச்சியில் நின்று விதவிதமாக போட்டோ எடுத்ததில் அவர் போன் செத்துவிட்டது. கீழே வந்ததும் வேன் டிரைவர் பக்கத்தில் சார்ஜ் போட்டார். சாப்பிட்டு, ஏனம் கழுவி, பாய் சுருட்டி எல்லாரும் ஏறத் தொடங்கினார்கள். கார் முதலில் கிளம்பிப் போய்விட்டது. கடைசிப் பாத்திரத்தை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது பெரியவர் என் பக்கம் வந்தார்.

"ஏம்மா, மண்டில தக்காளி சல்லிசா இருக்குதாம். ஒரு பெட்டி எடுத்தாந்துர்றேன். வண்டிய நிறுத்தி வைக்கச் சொல்லு."

என்னிடம் மட்டும்தான் சொன்னார். நான் "சரிங்க மாமா" என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். முதுகு கண்ணுக்கு மறையும் வரை பார்த்துவிட்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினேன்.

"பெரியவரு எங்கக்கா?" என்றார் டிரைவர்.

"அவரு கார்லயே போயிட்டாரு. நீங்க எடுங்கண்ணா."

நாக்கு குழறவில்லை. இத்தனை வருஷம் ஒத்திகை பார்த்தது மாதிரி வந்தது. ஊர் எல்லை தாண்டியதும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். இப்போது எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. இவரை யார், எப்போது தேடுவார்கள்?

அவருடைய பெரிய மகன் காதிலிருந்து இயர்போனைக் கழற்றி, "அப்பா எங்க சித்தி?" என்றான். "கார்ல" என்றேன். மறுபடி மாட்டிக்கொண்டான். அவ்வளவுதான். எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்தது போல் இருந்தது.

உத்தனப்பள்ளி நெருங்கும்போது, சார்ஜில் கிடந்த பெரியவர் போன் அடித்தது. டிரைவர் எடுத்துப் பின்னால் நீட்டினார். பெரியவரின் மனைவி வாங்கினார். அவரை நான் அக்கா என்பேன். திரையில் பெயர் எதுவும் இல்லாத நம்பர். அடித்து ஓய்ந்தது. மறுபடி அதே நம்பர். அக்கா போனைப் பார்த்தார், அப்புறம் பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்தார்.

"அவரு கார்ல இல்லதான?" குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. "மண்டில" என்றேன். அக்கா கத்துவார், வேனை நிறுத்தச் சொல்வார், இன்றோடு என் மானம் போகும் என்று காத்திருந்தேன்.

அக்கா போனை சைலன்டில் போட்டு, தன் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார். "அவுங்க நம்பர் ஒண்ணுதான் அவுங்களுக்கு மனப்பாடம். அதான் யாரு போன்லருந்தோ அதுக்கே அடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க" என்றார். அப்புறம் ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துப் பிட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, பாதியை என்னிடம் தந்தார். "இந்தப் பக்கம் மலையெல்லாம் இவ்ளோ நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவுங்களுக்குத் தண்ணி எடுத்துக் குடுக்கவும் ஆரஞ்சு உரிச்சுக் குடுக்கவுமே ஊர் வந்துரும்." ஓசூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பை அவர் மடியில் இருந்தது.

வீட்டு வாசலில்தான் குட்டு உடைந்தது. "வேன்ல வரலியா?" "கார்ல வரலியா?" என்று ஆளாளுக்குக் கத்த, மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். என் கணவர் காரைத் திருப்பும்போது தெரு முனையில் ஒரு தக்காளி டெம்போ வந்து நின்றது. பெட்டிகளுக்கு நடுவிலிருந்து பெரியவர் இறங்கினார். வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்புக் கறை. ஒரு பெட்டியைத் தூக்கிவந்து வாசலில் தொப்பென்று போட்டார். நேராக டிரைவரிடம் போனார்.

"எவன்டா உன்ன வண்டிய எடுக்கச் சொன்னது?"

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க மாமா. நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றேன்.

"உங்கிட்டதானம்மா சொல்லிட்டுப் போனேன்?"

"ஆமா. எங்கிட்டதான் சொன்னீங்க."

தெருவே கேட்கும்படி சொன்னேன். அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முகம் கறுத்தது. என்னைத் திட்ட முடியவில்லை, திட்டினால் பழைய கதையை நான் இழுப்பேன் என்று தெரியும். அதனால் பெண்டாட்டி பக்கம் பாய்ந்தார். "போன் வேன்லதான இருந்துச்சு? எத்தன தடவ அடிச்சேன்! எடுக்கறதுக்கு என்ன கேடு?"

அக்கா அவர் முன்னால் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"என் நம்பருக்கு அடிச்சிருந்தா எடுத்திருப்பேன். என் நம்பரு என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்."

பெரியவர் வாயைத் திறந்தார். "ஒம்போது..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. பிள்ளைகள், மாமியார், டிரைவர், டெம்போக்காரர் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ஒம்போது நாலு..." என்று இழுத்துப் பார்த்தார். அக்கா இல்லை என்று தலையாட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை. எத்தனை பந்தியில் அடக்கியது! வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கணவர் பக்கம் திரும்பினேன்.

"நீங்க சொல்லுங்க. என் நம்பரு என்ன?"

அவர் குனிந்து தக்காளிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார்.